கம்பி இல்லாமல் மணி அடித்தவர்



1895-ஆம் ஆண்டு. கல்கத்தா நகர மண்டபத்தில் கூட்டம் கூடியிருந்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஏதோ அதிசயம் காட்டப் போகிறாராம். மேடையில் சின்னஞ்சிறு கருவி ஒன்று இருந்தது. சுமார் 75 அடி தள்ளி, சுவர்களுக்கு அப்பால், ஒரு மின்சார மணியும் சிறிது வெடிமருந்தும் வைக்கப்பட்டிருந்தன. இரண்டு இடங்களையும் இணைக்க ஒரு கம்பி கூடக் கிடையாது. நடுவே வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் அமர்ந்திருந்தார்.

பேராசிரியர் விசையை அழுத்தினார். கருவியில் ஒரு பொறி பறந்தது. அவ்வளவுதான்! அப்பால் இருந்த மணி கணகணவென ஒலித்தது. வெடிமருந்து வெடித்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று ஆளுநரின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிப் போய் அந்த வேலையைச் செய்திருந்தது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அந்தப் பேராசிரியர்தான் ஜகதீஷ் சந்திர போஸ். அன்று சுவரைத் தாண்டிச் சென்றது மின்காந்த அலை. மதுரையில் நாம் கொடைக்கானல் பண்பலையைக் கேட்கிறோமே, அந்தப் பாட்டு மலையிலிருந்து இறங்கி வருவதும் இதே வகை அலையில்தான். கைப்பேசி பேசுவதும் இதில்தான். அவருடைய வாழ்க்கைக் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மீனவர் மகனோடு ஒரே பெஞ்சில்

ஜகதீஷ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி வங்காளத்தில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இப்போது வங்கதேச நாட்டில் இருக்கிறது. தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர்ந்த அதிகாரி. தாயார் பாமாசுந்தரி.

அந்தக் காலத்தில் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். ஆனால் பகவான் சந்திரர் தம் மகனை ஊரில் இருந்த தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். முதலில் தாய்மொழியையும் தம் மக்களையும் அறிந்துகொள்ள வேண்டும், ஆங்கிலம் பிறகு கற்கலாம் என்பது அவர் எண்ணம்.

வகுப்பில் ஜகதீஷுக்கு ஒரு பக்கம் தந்தையின் உதவியாளராக இருந்த முஸ்லிம் ஒருவரின் மகன் உட்கார்ந்திருந்தான். இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன். அவர்கள் பறவைகளைப் பற்றியும், விலங்குகளைப் பற்றியும், நீரில் வாழும் உயிர்களைப் பற்றியும் கதை கதையாகச் சொல்வார்கள். ஜகதீஷ் ஆவலோடு கேட்பார். மாலையில் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் தாயார் எல்லோருக்கும் ஒன்று போலவே உணவு பரிமாறுவார். சாதி, மதம் பார்க்காத வீடு அது.

பள்ளிக்கு அவரைத் தோளில் தூக்கிச் சென்றவர் யார் தெரியுமா? ஒரு முன்னாள் கொள்ளைக்காரர்! அவரைச் சிறைக்கு அனுப்பியவரே ஜகதீஷின் தந்தைதான். தண்டனை முடிந்து வெளியே வந்தவருக்கு யாரும் வேலை தரவில்லை. தந்தையே அவரைத் தம் வீட்டில் வேலைக்கு வைத்துக்கொண்டார். போகும் வழியெல்லாம் அவர் தம் பழைய சாகசக் கதைகளைச் சொல்லிக்கொண்டே போவாராம்.

பிறகு ஜகதீஷ் கல்கத்தாவில் புனித சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தார். அங்கே லஃபோன் என்ற பாதிரியார் இயற்பியல் கற்பித்தார். பாடத்தை வெறுமனே சொல்லிக்கொண்டே போகாமல், ஒவ்வொன்றையும் சோதனை செய்து காட்டுவது அவர் வழக்கம். அந்த வகுப்புதான் ஜகதீஷின் மனத்தில் அறிவியல் ஆசையை விதைத்தது.

நோய் மாற்றிய பாதை

பட்டம் பெற்றதும் இங்கிலாந்து சென்று படிக்க விரும்பினார். ஆனால் தந்தை தொடங்கிய தொழில்கள் நஷ்டமடைந்து குடும்பத்தில் கடன் ஏறியிருந்தது. தம் நகைகளை விற்றாவது மகனை அனுப்பத் தாயார் முன்வந்தார். 1880-இல் லண்டனுக்குக் கப்பலேறி மருத்துவப் படிப்பில் சேர்ந்தார்.

அங்கே ஒரு சோதனை. ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தது. உடல்களை அறுத்துப் படிக்கும் அறையின் நெடி அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவப் படிப்பைக் கைவிட வேண்டியதாயிற்று. வேறு யாராவது என்றால் மனம் உடைந்து ஊர் திரும்பியிருப்பார்கள். ஜகதீஷ் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இயற்கை அறிவியல் படித்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1884-இல் பட்டத்தோடு தாயகம் திரும்பினார்.

மூன்று ஆண்டு சம்பளம் வேண்டாம்!

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் அங்கே ஓர் அநீதி இருந்தது. ஒரே வேலையைச் செய்தாலும், ஐரோப்பியருக்குக் கிடைக்கும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. ஜகதீஷ் தற்காலிகப் பேராசிரியர் என்பதால் அதிலும் பாதிதான் தருவோம் என்றார்கள்.

ஜகதீஷ் கோபப்பட்டுக் கத்தவில்லை. வேலையை விட்டுவிட்டும் போகவில்லை. சம்பளத்தைத் தொட மறுத்துவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்! குடும்பத்தில் கடன் இருந்த காலம் அது. ஆனாலும் ஒரு வகுப்பைக் கூடக் குறையாக நடத்தவில்லை. மாணவர்கள் அவர் பாடத்தைக் கேட்க முண்டியடித்தார்கள்.

இதற்கிடையே 1887-இல் அவருக்கும் அபலா தாஸுக்கும் திருமணம் நடந்தது. அபலாவுக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அப்போது கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஆகவே அவர் 1882-இல் சென்னைக்கு வந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். பின்னாளில் பெண் கல்விக்காகப் பெரும் பாடுபட்டவர் அவர்.

செலவைக் குறைக்கக் கணவனும் மனைவியும் கல்கத்தாவிலிருந்து தள்ளி, சந்தன நகரில் குடியிருந்தார்கள். தினமும் ஹூக்ளி ஆற்றைப் படகில் கடந்து, அக்கரையில் ரயில் பிடிக்க வேண்டும். கணவரை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது அபலாவே துடுப்புப் போடுவார்!

கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. வேலை நிரந்தரமானது. மூன்று ஆண்டுச் சம்பளமும் முழுதாக, மொத்தமாகக் கைக்கு வந்தது. அந்தப் பணம் தந்தையின் கடனை அடைக்க உதவியது.

தகரக் கொல்லர் துணையுடன்

1894-ஆம் ஆண்டு, தம் 36-ஆவது பிறந்த நாளில் ஜகதீஷ் ஒரு முடிவு எடுத்தார். இனி ஆராய்ச்சியே தம் வாழ்க்கை என்பதுதான் அது.

சரி, ஆராய்ச்சிக்கூடம் எங்கே? கல்லூரியில் குளியலறையை ஒட்டி இருந்த சின்ன இடம்தான் கிடைத்தது. கருவிகள் எங்கே? கடையில் வாங்க முடியாது. எனவே ஒரு தகரக் கொல்லரைக் கூட வைத்துக்கொண்டு, அவருக்கு வேலை பழக்கி, தாமே எல்லாவற்றையும் செய்துகொண்டார். நாள் முழுவதும் வகுப்பு. மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. செலவு தம் சொந்தப் பணம்.

எதை ஆராய்ந்தார்? 1888-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, மின்காந்த அலைகள் இருப்பதைச் சோதனை மூலம் நிரூபித்தார். ஆனால் அந்த அலைகள் நீளமானவை. அவற்றை வைத்து ஒரு மேசைக்குள் சோதனை செய்ய முடியாது.

அலை நீளம் என்றால் என்ன? வண்டியூர் தெப்பக்குளத்தில் ஒரு கல்லைப் போடுங்கள். வட்டம் வட்டமாக அலை வரும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரம்தான் அலை நீளம். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதன் அலை நீளம் சுமார் 3 மீட்டர். அதாவது ஓர் ஆளை விட நீளம். ஜகதீஷ் உண்டாக்கிய அலையோ 5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியது. ஒரு நெல்மணியை விடக் குட்டை! இந்த அலை ஒரு நொடியில் 6,000 கோடி தடவை அதிர்கிறது. இதை 60 கிகாஹெர்ட்ஸ் என்பார்கள்.

இந்தக் குட்டி அலைகளை அவர் எப்படி உண்டாக்கினார்? சிறிய உலோகக் குண்டுகளை அருகருகே வைத்து, அவற்றுக்கு இடையே மின்பொறி பறக்கச் செய்தார். குண்டு சிறியதாக இருந்தால் அலையும் சிறியதாக வரும். அந்த அலைகளைக் குழாய் வழியாகவும் புனல் வழியாகவும் ஒரே திசையில் செலுத்தினார். கந்தகத்தால் முப்பட்டகம் செய்து, ஒளியைப் போலவே இந்த அலையும் வளைகிறது என்று காட்டினார்.

இன்னொரு வேடிக்கை. அலையின் அதிர்வு எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிய ஒரு வடிகட்டி தேவைப்பட்டது. அதற்கு அவர் எடுத்தது ஒரு ரயில்வே கால அட்டவணைப் புத்தகம்! பக்கத்துக்குப் பக்கம் நடுவே ஈயத் தகட்டுத் தாளைச் செருகினார். புத்தகத்தை ஒரு பக்கமாகப் பிடித்தால் அலை புகுந்து போகும். திருப்பிப் பிடித்தால் நின்றுவிடும். முறுக்கிய சணலைக் கொண்டும் இப்படிச் சோதனைகள் செய்தார். பார்த்தீர்களா, விஞ்ஞானிக்குக் கையில் கிடைத்ததெல்லாம் கருவிதான்.

வெடிமருந்தை வெடித்தது எது?

இப்போது நகர மண்டபத்துக்குத் திரும்பப் போவோம். ஒரு கேள்வி. கண்ணுக்கே தெரியாத அந்த அலைக்கு வெடிமருந்தை வெடிக்க வைக்கும் பலம் எங்கிருந்து வந்தது?

உண்மையில் அந்த அலைக்கு அவ்வளவு பலம் கிடையாது. தூரம் செல்லச் செல்ல அலை மெலிந்துகொண்டே போகும். அப்பால் ஜகதீஷ் ஒரு மின்கலத்தையும், கம்பிச் சுருள்கள் கொண்ட ஒரு சிறு கருவியையும் வைத்திருந்தார். சாதாரணமாக அந்தச் சுருள்கள் மின்சாரத்தை அவ்வளவாக விடாது. அலை வந்து பட்டதும் மின்சாரம் ஓட வழி திறக்கும். உடனே மின்கலத்திலிருந்து மின்சாரம் பாய்ந்து மணியை அடிக்கும். மணி அடித்த சக்தி மின்கலத்துடையது. வழியைத் திறந்துவிட்டதுதான் அலை.

மதுரையைச் சுற்றி எத்தனையோ கண்மாய்கள் இருக்கின்றன. கண்மாய் நிறையத் தண்ணீர் இருக்கும். ஒரே ஓர் ஆள் மடையைத் திறந்தால் போதும், நூறு ஆட்கள் சுமக்க முடியாத தண்ணீர் வயலுக்குப் பாயும். அவர் தண்ணீரை உண்டாக்கவில்லை. வழியைத்தான் திறந்தார். ஜகதீஷின் கருவியும் அப்படித்தான்.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. மடையை முழுதாகத் திறக்கும், இல்லாவிட்டால் மூடும். அவ்வளவுதான் தெரியும். மணி அடிக்க அது போதும். பேச்சையும் பாட்டையும் அனுப்ப அது போதாது. அதற்கு, குரல் ஏறினால் மடையும் ஏற வேண்டும், குரல் இறங்கினால் மடையும் இறங்க வேண்டும். சின்ன அசைவை அப்படியே பெரிய அசைவாக்கிக் காட்ட வேண்டும். அப்படிச் செய்யும் கருவிக்குத்தான் பெருக்கி, அதாவது ஆம்ப்ளிஃபையர் என்று பெயர். ஜகதீஷ் சோதனை செய்த நாட்களில் உலகில் எங்குமே அது இல்லை!

அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906-இல் மூன்று முனைகள் கொண்ட வால்வு ஒன்றைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் அதைப் பெருக்கியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் வானொலி நிலையங்கள் வந்தன. நம் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தொடங்கிய வானொலிக் கழகம், 1924 ஜூலை 31-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் முதல் ஒலிபரப்பியின் திறன் 40 வாட். வீட்டில் எரிந்த பழைய குண்டு பல்பின் அளவுதான்!

ஒலிபரப்பியில் கடைசியாக, ஆன்டெனாவுக்கு முன்னால் நிற்பது திறன் பெருக்கி. திருவிழாவில் மைக் செட்டுக்காரர் பாடகரின் குரலைப் பெரிதாக்குகிறார் அல்லவா? அது போல இது அலையையே பெரிதாக்கி அனுப்புகிறது. அதை அமைப்பது எளிதல்ல. மைக் செட்டில் சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் கரகரவென்று வரும், கேட்டிருப்பீர்கள். மடை அளவுக்கு மேல் தண்ணீர் போக முடியாதது போல, அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போவதால் வரும் கோளாறு அது. சரி, மடையைப் பெரிதாக வைத்துக்கொண்டால்? நிறைய மின்சாரம் வீணாகி, சூடாக வெளியேறும். திறன் பெருக்கிகளின் முதுகில் வரிசை வரிசையாக அலுமினியத் தகடுகள் இருப்பது அந்தச் சூட்டை ஆற்றத்தான். அலை தெளிவாகவும் இருக்க வேண்டும், மின்சாரமும் வீணாகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடுவதுதான் இன்றைக்கும் அந்தப் பொறியாளர்களின் வேலை. அலை சிறியதாகச் சிறியதாக அந்த வேலை இன்னும் கடினமாகிறது.

பெருக்கி இல்லாத காலத்தில் ஜகதீஷ் என்ன செய்தார்? அனுப்பும் பலத்தைக் கூட்ட வழியில்லை. எனவே கேட்கும் காதைக் கூர்மையாக்கினார். மெலிந்த அலையைக் கூட உணரும் கருவிகளை ஒன்றன் பின் ஒன்றாகச் செய்து பார்த்தார். 1899-இல் பாதரசத்தையும் இரும்பையும் கொண்டு ஒரு நுட்பமான கருவியை லண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்தார். கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு இன்னொன்று செய்தார். இந்தப் படிகம் குறைக்கடத்தி வகையைச் சேர்ந்தது.

பணம் வேண்டாம் என்றவர்

ஜகதீஷின் புகழ் ஐரோப்பாவில் பரவியது. 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் தந்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றினார். பெரும் விஞ்ஞானிகள் வந்து கேட்டார்கள்.

1901-இல் ஒரு பெரிய தந்தி நிறுவனத்தின் முதலாளி அவரைத் தேடி வந்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கிக்கொள்ளலாம், லாபத்தில் பங்கு தருகிறேன் என்று ஆசை காட்டினார். ஜகதீஷ் மறுத்துவிட்டார். இதைத் தம் நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதமாக எழுதினார். அறிவு எல்லோருக்கும் பொது, அதற்குப் பூட்டுப் போடக் கூடாது என்பது அவர் கொள்கை.

ஆனாலும் சாரா புல் அம்மையார், சகோதரி நிவேதிதை போன்ற நண்பர்கள் விடாமல் வற்புறுத்தினார்கள். கலீனா கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1904-இல் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்கு உலகில் கிடைத்த முதல் காப்புரிமை என்று அதைச் சொல்கிறார்கள். ஆனால் அதை வைத்து அவர் ஒரு காசு கூடச் சேர்க்க முயலவில்லை.

இத்தாலியைச் சேர்ந்த மார்க்கோனி வேறு வழியில் சென்றார். அவர் காப்புரிமை பெற்றார், நிறுவனம் தொடங்கினார், நீண்ட அலைகளைக் கொண்டு கடல் கடந்து செய்தி அனுப்பினார். 1909-இல் நோபல் பரிசும் பெற்றார். 1901-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த செய்தியைக் கேட்க அவர் பயன்படுத்திய பாதரசக் கருவி, ஜகதீஷ் 1899-இல் விவரித்ததைப் போன்றதே என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

அப்படியானால் ஜகதீஷ் ஏமாந்துவிட்டாரா? இதைப் பற்றி நீங்களும் வகுப்பில் பேசிப் பாருங்கள். காப்புரிமை வாங்குவது தவறு அல்ல. உழைப்புக்குப் பலன் கிடைக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஜகதீஷ் செய்தி அனுப்பும் வியாபாரத்தைத் தேடவே இல்லை. அலை என்பது என்ன என்று அறியத்தான் அவர் ஆசைப்பட்டார். தேடியது கிடைத்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

செடிக்கு ஒரு பெருக்கி

அந்த அடுத்த கேள்வி எது தெரியுமா? அவருடைய கருவிகள் தொடர்ந்து வேலை செய்தால் களைத்துப் போவது போல மந்தமாகின. ஓய்வு கொடுத்தால் மீண்டும் தெளிந்தன. உலோகமே இப்படி என்றால் செடிகள் எப்படி என்று யோசித்தார். தொட்டாற்சிணுங்கியையும் தொழுகன்னியையும் ஆராயத் தொடங்கினார்.

இங்கும் பழைய சிக்கல்தான். செடி வளர்வது கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு மெதுவான அசைவு. அதைப் பெரிதாக்கிக் காட்ட நெம்புகோல்களைக் கொண்டு கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். அது செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிப் புகை படிந்த கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் குறித்துக் காட்டியது. அலைக்குப் பெருக்கி செய்யாதவர், செடிக்குப் பெருக்கி செய்துவிட்டார்!

இங்கிலாந்தின் உயிரியல் அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. இயற்பியல்காரருக்கு இங்கே என்ன வேலை என்று முகம் சுளித்தார்கள். அவருடைய கட்டுரை ஒன்று வெளியிடப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜகதீஷ் சோர்ந்து போகவில்லை. செடிகளையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் கண்ணெதிரே சோதனை செய்து காட்டினார். 1920-இல் லண்டனில் விஞ்ஞானிகள் குழு ஒன்று அவர் கருவியை நேரில் சோதித்து, அது சரியாகவே அளக்கிறது என்று அறிவித்தது. அதே ஆண்டில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. செடிகளைப் பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்றைய அறிவியல் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் செடிகளுக்குள் மின் சைகைகள் ஓடுகின்றன என்பது உறுதியாகிவிட்டது.

இத்தனை வேலைக்கு நடுவே அவர் கதையும் எழுதினார். 1896-இல் தலைத் தைலக் கம்பெனி ஒன்று நடத்திய போட்டிக்கு எழுதிய கதை அது. நடுக்கடலில் புயலில் மாட்டிக்கொண்ட ஒருவர், ஒரு புட்டித் தைலத்தைக் கடலில் ஊற்றிக் கொந்தளிப்பை அடக்குகிறார்! வங்காள மொழியின் முதல் அறிவியல் கதைகளில் ஒன்று என்று அதைப் போற்றுகிறார்கள்.

நாட்டுக்கு ஒரு பரிசு

ஆசிரியராகவும் ஜகதீஷ் சிறந்து விளங்கினார். மேக்நாத் சாஹா, சத்யேந்திரநாத் போஸ் ஆகிய பெரும் விஞ்ஞானிகள் அவரிடம் படித்தவர்களே. 1915-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

தாம் குளியலறை ஓரத்தில் பட்ட பாடு அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்று நினைத்தார். 1917 நவம்பர் 30, தம் 59-ஆவது பிறந்த நாளில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். வாழ்நாள் சேமிப்பை அதற்காகக் கொடுத்தார். கல்கத்தாவில் அது இன்றும் இயங்கி வருகிறது.

1937 நவம்பர் 23-ஆம் தேதி, இப்போது ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள கிரிதி நகரில் ஜகதீஷ் சந்திர போஸ் காலமானார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும்.

திரும்பி வந்த குட்டி அலைகள்

மார்க்கோனியின் காலத்தில் எல்லோரும் நீண்ட அலைகளின் பின்னால் போனார்கள். ஜகதீஷின் மில்லிமீட்டர் அலைகளைப் பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவற்றைப் பெரிதாக்கும் பெருக்கிகள் அப்போது இல்லாததும் ஒரு காரணம்.

காலம் மாறியது. 1947-இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. பிறகு காலியம் நைட்ரைடு போன்ற புதிய குறைக்கடத்திகள் வந்தன. நகத்தளவு சில்லு ஒன்றே குட்டி அலைகளைப் பெருக்கத் தொடங்கியது. இன்று புதிய கார்கள் சிலவற்றின் முன்புறம் இருக்கும் ரேடார் 77 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. 2022-இல் இந்தியாவில் 5ஜி அலைவரிசைகள் ஏலம் விடப்பட்டபோது 26 கிகாஹெர்ட்ஸும் அதில் இருந்தது. அதன் அலை நீளம் ஒரு சென்டிமீட்டரை விடச் சற்று அதிகம். ஜகதீஷ் விளையாடிய உலகத்துக்கு இப்போதுதான் எல்லோரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர் காப்புரிமை பெற்றதும் குறைக்கடத்திக்குத்தான். இந்த அலைகளைப் பெருக்குவதும் குறைக்கடத்திதான்.

2012-இல், மின் பொறியாளர்களின் உலக அமைப்பு ஒன்று, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவர் செய்த மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை அறிவியல் வரலாற்றின் மைல்கல் என்று அறிவித்துக் கௌரவித்தது. நிலவில் உள்ள ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

செல்வங்களே! நல்ல ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை, பணம் இல்லை என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. அநீதி நேர்ந்தபோது வேலையில் குறை வைக்காமல் போராடினார். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி தேடினார். அடுத்த முறை கொடைக்கானல் பண்பலையில் பாட்டுக் கேட்கும்போது, ரயில்வே அட்டவணையில் ஈயத்தாள் செருகிக்கொண்டிருந்த அந்தப் பேராசிரியரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பழைய புத்தகமும் கொஞ்சம் சணலும் இருக்கும் அல்லவா?